‘ஓகே’ என்று எழுதாதீர்கள்: வாடகை வீட்டுக்கு மதிப்பெண் போடும் முறை

சில வருடங்களுக்கு முன் ஒரு பாத்ரூம் கதவு விஷயத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

வேளச்சேரியில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அவரைப் போன்ற ஏழெட்டு பேருடைய வீடுகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருடம் இருந்த குடும்பம் காலி செய்கிறது. சாமானெல்லாம் இறக்கியாகிவிட்டது. கடைசியாக ஒரு சுற்று பார்க்கும்போது, பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் அரை அடிக்குத் தண்ணீர் குடித்து ஊதி, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. வீடியோ காலில் உரிமையாளர், “கதவுக்கு ஏழாயிரம் பிடிச்சுக்கிட்டு மீதி அட்வான்ஸைக் குடுத்துடுங்க” என்றார். பக்கத்தில் நின்ற அக்கா, “நாங்க வந்தப்பவே அது ஊதித்தான் தம்பி இருந்துச்சு. இப்ப கொஞ்சம் கூடியிருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில் இருந்தது: ‘பாத்ரூம் கதவு – ஓகே’.

அந்த ஓகேயை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன தீர்ப்பு சொல்வது? புதுக் கதவும் ஓகேதான். லேசாக ஊதிய கதவும், மூடித் திறக்க முடிகிற வரை, ஓகேதான். கடைசியில் பாதிப் பாதி என்று 3,500 ரூபாய் பிடித்தோம். இரண்டு பக்கமும் என்மேல் கோபம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு மதிப்பெண் போடும் பழக்கத்துக்கு வந்தேன்.

சரி, மதிப்பெண் போடுவது என்றால் என்ன? வீட்டை ஒரே பொருளாகப் பார்க்காமல் கதவு, சுவர், தரை, குழாய், சுவிட்ச் என்று உறுப்பு உறுப்பாகப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும், முன்கூட்டியே எழுதி வைத்த விளக்கத்தின்படி, ஓர் எண் தருகிறோம். குடிவரும் நாளில் ஒரு முறை, காலி செய்யும் நாளில் ஒரு முறை, நடுவில் தேவைப்பட்டால் ஒரு முறை. தனியாக ஓர் எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. இரண்டு நாள் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது பேச ஆரம்பிக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் வீட்டுக்குத்தான், குடியிருந்தவருக்கு இல்லை. ‘கதவு 2’ என்றால் கதவு அந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும்தான் செய்தி. யாரால் அப்படி ஆனது, யார் பணம் தர வேண்டும் என்பது அதற்குப் பிறகு வரும் தனிக் கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய நினைத்தால், பிடிக்காத ஆளின் வீட்டுக்கு 1 போட்டுக் கொண்டிருப்போம்.

எத்தனை எண், எதற்கு எந்த எண்

நான் முதலில் 1 முதல் 5 வரை வைத்திருந்தேன். எனக்கு உதவிக்கு வரும் பையன் எழுதிக்கொண்டு வந்த தாளில் எல்லாவற்றுக்கும் 3. ஜன்னல் 3, சிங்க் 3, மொட்டைமாடிக் கதவு 3. நடு எண் என்று ஒன்று இருந்தால், யோசிக்க விரும்பாத மனது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நான்காகக் குறைத்தேன். நான்கில் நடு இல்லை; நல்ல பக்கமா கெட்ட பக்கமா என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

எண்ணின் எண்ணிக்கையைவிட முக்கியம், ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்பது. ‘மிக நன்று, நன்று, சுமார், மோசம்’ என்று எழுதினால் பழைய ஓகேயை நான்காக உடைத்ததாகத்தான் ஆகும். என் தாளில் இப்படி இருக்கிறது:

4 – புதிது, அல்லது புதிது போல.
3 – புழங்கிய தடம் தெரிகிறது. ஆனால் இதற்காக யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.
2 – ஆள் கூப்பிட்டுப் பழுது பார்க்க வேண்டும், பார்த்தால் போதும்.
1 – பழுது பார்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

கவனித்தால் தெரியும், நான்கில் மூன்று எண்கள் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியவை இல்லை. என்ன வேலை வைக்கிறது என்பதைப் பற்றியவை. அழகு ஆளுக்கு ஆள் மாறும். தச்சரைக் கூப்பிட வேண்டுமா வேண்டாமா என்பதில் அவ்வளவு வித்தியாசம் வராது. அந்த பாத்ரூம் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிவிளிம்பில் பெயின்ட் மங்கியிருந்தால் 3. லேசாக ஊதி, தரையில் உரசினால் 2. இழைத்து, கீழே ஒரு அலுமினியத் தகடு அடித்தால் இன்னும் சில வருடம் ஓடும். ஏடு பிரிந்துவிட்டால் 1. அன்றைக்கு நான் ஓகே என்பதற்குப் பதிலாக 3 என்றோ 2 என்றோ எழுதியிருந்தால் வாக்குவாதமே வந்திருக்காது.

முறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், ஒரே வீட்டுக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். எண்கள் பெரும்பாலும் ஒத்துப்போனால் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஒத்துப்போகாத இடத்தில் தவறு ஆளிடம் இல்லை, விளக்கத்தில். நாங்கள் அப்படிச் செய்தபோது அதிகம் முட்டிக்கொண்டது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில். பையன் 1 போட்டிருந்தான், நான் 3. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, தொட்டால் விரல் ஒட்டும் அளவுக்கு அழுக்கு. ஆனால் சுவிட்சைப் போட்டால் நன்றாகச் சுற்றியது. அவன் அழுக்குக்கு மதிப்பெண் போட்டான், நான் ஃபேனுக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பொருளுக்கு மூன்று கட்டம்: நிலை, இயக்கம், சுத்தம். நிலைக்கு மேலே சொன்ன நான்கு எண். இயக்கத்துக்கு எண்ணே வேண்டாம், ஓடுகிறது அல்லது ஓடவில்லை. சுத்தத்துக்கும் அப்படியே, துடைக்க வேண்டும் அல்லது வேண்டாம். சுத்தத்தைத் தனியாகப் பிரிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அழுக்கை அரை நாளில் ஓர் ஆளை வைத்து எடுத்துவிடலாம், செலவும் சிறியது. அதை நிலையோடு சேர்த்தால், சோம்பலாகத் துடைக்காமல் போன நல்ல வீடும், பளபளவென்று துடைத்துக் கொடுத்த ஓட்டை வீடும் ஒரே எண் வாங்கிவிடும்.

இன்னொரு கட்டமும் உண்டு: ‘பார்க்கவில்லை’. நீங்கள் போன நேரத்தில் கரண்ட் இல்லை, கெய்சரைப் போட்டுப் பார்க்க முடியவில்லை. பரண்மேல் ஏற ஏணி இல்லை. இதற்கெல்லாம் 4 போடுவதும் தப்பு, 1 போடுவதும் தப்பு. ‘பார்க்கவில்லை’ என்று எழுதி, காரணத்தையும் எழுதி, மொத்தக் கணக்கிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும். காலியாக விட்டால் பிறகு யாராவது தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்வார்கள்.

கையும் காதும்

கண்ணால் மட்டும் பார்த்துப் போட்ட மதிப்பெண் பாதி மதிப்பெண்தான்.

தரை டைல்ஸைச் சாவிக்கொத்தின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். கெட்டியான சத்தம் வரும் வரை சரி. ஓரிடத்தில் பொள்ளலாக, காலி டப்பாவைத் தட்டியது போலக் கேட்டால், அங்கே அடியில் சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை. பார்வைக்கு அந்த டைல் 4 தான். ஆனால் நாளைக்கு அதன்மேல் வாஷிங் மெஷினை இறக்கி வைத்தால் விரிசல் விழும். அப்போது பழி குடியிருப்பவர்மேல் போகும். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பொள்ளல் சத்தம், சமையலறை வாசலிலிருந்து மூன்றாவது வரிசை’ என்று ஒரு வரி. இந்த ஒரு வரி பின்னால் ஒருவருடைய இரண்டாயிரம் மூவாயிரத்தைக் காப்பாற்றும்.

சமையலறையில் சிலிண்டர் வைக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். உருட்டியதில் வட்ட வட்டமாகக் கீறல் இருக்கும், துருக்கறையும் இருக்கலாம். சிங்க்குக்குக் கீழே கைவிட்டுக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஃப்ளஷையும் அழுத்துங்கள். தண்ணீர் தரையில் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். ஜன்னலைத் திறந்து பார்ப்பதைவிட மூடிப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் தாழ்ப்பாள் பொருந்துகிறதா என்பது மூடும்போதுதான் தெரியும். மின்பலகையில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம் எடுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியத் தள்ளி நின்று ஒன்று, எவ்வளவு என்று தெரியக் கிட்டத்தில் ஒன்று. கிட்டத்துப் படத்தில் ஒரு ரூபாய்க் காசையோ டேப்பையோ பக்கத்தில் வையுங்கள். காசு இல்லாத படத்தில் மயிரிழை விரிசலும் பள்ளத்தாக்கு மாதிரி தெரியும். கரண்ட் மீட்டரையும் மறக்காமல் ஒரு படம்.

மே மாதச் சுவர், நவம்பர் சுவர்

சென்னையில் வீடு பார்க்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிறைய சண்டை இங்கிருந்துதான் வருகிறது.

பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் நிறைய பேர் வீடு மாறுகிறார்கள். அப்போது சுவர்களெல்லாம் காய்ந்து, புதுப் பெயின்ட்டோடு சிரித்துக்கொண்டிருக்கும். சுவருக்கு 4 போடுகிறோம். பிறகு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. நவம்பரில் சுவரில் ஓதம் ஏறுகிறது, பட்டி உப்பி உதிர்கிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது. அந்தக் குடும்பம் டிசம்பரில் காலி செய்தால்? தாளில் 4 இருந்தது 2 ஆகியிருக்கும். ஏழு மாதத்தில் இரண்டு எண் இறக்கம். தாளை மட்டும் பார்க்கும் உரிமையாளருக்கு, இவர்கள் சுவரில் தண்ணீர் ஊற்றினார்களா என்றுதான் தோன்றும். உண்மையில் வெளிச்சுவரில் விரிசல், அல்லது மொட்டைமாடித் தளவரிசை போய்விட்டது. குடியிருந்தவர் பாதிக்கப்பட்டவர்; குற்றவாளி இல்லை.

அதனால் என் தாளில் தேதிக்குப் பக்கத்தில் ‘கடைசியாக மழை பெய்தது எப்போது’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. மேயில் போட்ட சுவர் மதிப்பெண்ணை நான் பாதிதான் நம்புவேன். முடிந்தால் முதல் பெருமழை முடிந்த வாரத்தில் சுவரையும் கூரையையும் மட்டும் மறுபடி பார்த்து, அந்த எண்ணையும் சேர்த்துக்கொள்வேன். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பால்கனிக் கூரையைத் தனியாகப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். அது தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டைத் தள்ளும். ஒருநாள் துண்டாக விழும். துருநிறத்தில் ஒரு கோடு தெரிந்தாலே எச்சரிக்கைதான்.

தண்ணீரும் அப்படித்தான். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில், புதுக் குழாய் இரண்டு வருடத்தில் வெள்ளை படிந்து மங்கிவிடும். ஷவரில் பாதித் துளை அடைபடும். நல்ல தண்ணீர் வரும் வீட்டில் அதே குழாய் பல வருடம் மின்னும். எண்ணைப் பார்த்து ‘சரியாகப் பராமரிக்கவில்லை’ என்று சொல்வதற்கு முன்னால் எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் பொருந்தும் அளவுகோல் இந்த வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

சராசரி செய்யும் ஏமாற்று

எல்லா எண்களையும் போட்டாகிவிட்டது. கூட்டி ஒரு மொத்த மதிப்பெண் எடுத்தால் என்ன என்று ஆசை வரும். எடுக்கலாம், ஆனால் எச்சரிக்கையாக.

ஒரு வீட்டில் 40 உறுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். 38-க்கு முழு 4, இரண்டுக்கு மட்டும் 1. மொத்தம் 160-க்கு 154. அதாவது 96 சதவீதம். பிரமாதமான வீடு! அந்த இரண்டும் என்னவென்று பார்த்தால், ஒன்று பால்கனிக் கைப்பிடிக் கம்பி ஆடுகிறது, இன்னொன்று கெய்சருக்கு எர்த் இல்லை. குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு இந்த 96 சதவீத வீட்டை நான் சாவி கொடுக்க மாட்டேன்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்தது இல்லை. அமெரிக்காவில் அரசு உதவி பெறும் வாடகைக் குடியிருப்புகளை அந்நாட்டு வீட்டுவசதித் துறை ஆய்வு செய்து 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 60-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. அவர்களுடைய பழைய முறையில் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்தும் வரும். ஏ என்றால் உடல்நல, பாதுகாப்புக் குறை எதுவும் இல்லை. பி என்றால் குறை உண்டு, உயிருக்கு ஆபத்தில்லை. சி என்றால் உயிருக்கு ஆபத்தான குறை இருக்கிறது. புகை எச்சரிக்கைக் கருவியில் குறை இருந்தால் கூடவே ஒரு நட்சத்திரக் குறி. ஆக ‘87-சி’, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் என்று ஒரு கட்டடம் வாங்கினால், 87 என்ற அழகான எண்ணை நம்பி யாரும் நிம்மதியாகப் போய்விட முடியாது. 2023-ல் என்ஸ்பையர் என்ற புது முறைக்கு மாறினார்கள். அதில் ஒவ்வொரு குறையும் எவ்வளவு தீவிரம் என்று நான்கு வகையாகப் பிரிக்கப்படுகிறது; குடியிருப்பவரின் வீட்டுக்குள் இருக்கும் குறைக்கு, வெளி வளாகத்தில் இருக்கும் குறையைவிட மதிப்பெண் அதிகமாகக் குறையும். உயிருக்கு ஆபத்தானதை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

அந்த எழுத்து யோசனையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். என் தாளில் அது ஒரு சிவப்புப் புள்ளி. மின்சாரம், கேஸ், கைப்பிடி, கூரை, வெளிக்கதவுப் பூட்டு, இந்த ஐந்தில் ஆபத்து தெரிந்தால் எண் எதுவாக இருந்தாலும் புள்ளி விழும். புள்ளி இருக்கும் வரை மொத்த மதிப்பெண்ணைக் கூட்டவே மாட்டேன். சில பேர் முக்கியமான உறுப்புக்கு எடை கொடுத்து, கதவு ஒரு மடங்கு, மின்சாரம் மூன்று மடங்கு என்று கணக்குப் போடுகிறார்கள். நானும் முயன்றேன். மூன்று மடங்கு ஏன், ஏன் நான்கு இல்லை என்று ஒருவர் கேட்டால் பதில் இல்லை. புள்ளிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

எண் இறங்கினால் யார் தலையில்?

இப்போதுதான் பணத்துக்கு வருகிறோம். குடிவந்த நாளில் 4, காலி செய்யும் நாளில் 3. பிடிக்கலாமா? கூடாது. மூன்று வருடம் மனிதர்கள் வாழ்ந்தால் சுவர் மங்கும், கைபட்ட இடத்தில் சுவிட்ச் மஞ்சளாகும். இதற்குத்தான் வாடகை வாங்கியிருக்கிறோம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், குடிவந்தபோது இருந்த நல்ல நிலையிலேயே வீட்டை வைத்திருக்க வேண்டும், இயல்பான தேய்மானம் நீங்கலாக, என்றுதான் சொல்கிறது. அந்த ‘நீங்கலாக’வைப் பல பேர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்தில் ஓர் அட்டவணையும் இருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய்ப் பாதை மாற்றுதல், வயரிங் எல்லாம் உரிமையாளர் பட்டியலில். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு எடுத்தல், சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, பூச்சி வராமல் அடிக்கும் வலை போன்றவை குடியிருப்பவர் பட்டியலில். மதிப்பெண் தாளை உருவாக்கும்போதே ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில் ‘உ’ அல்லது ‘கு’ என்று எழுதிவிட்டால் கடைசி நாளில் பாதிப் பேச்சு மிச்சம். சென்னையில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்ட்டுக்கு என்று பிடித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. வெள்ளையடிப்பது உரிமையாளர் பட்டியலில் இருப்பதைப் பார்த்தால், ஒப்பந்தத்தில் எழுதாமல் இப்படிப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எண் 4-லிருந்து 1-க்கு விழுந்து, அது தேய்மானமும் இல்லை, சேதம்தான் என்று தெரிந்தால்? அப்போதும் புதுப்பொருளின் முழு விலையைக் கேட்கக் கூடாது. பழையது போய்ப் புதியது வந்தால் உரிமையாளர் லாபத்தில் இருக்கிறார். இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்து வாடகை முன்பணத்தை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தாக வேண்டும். அங்கே தகராறு வந்தால், முன்பணம் குடியிருப்பவரின் பணம், பிடிக்க விரும்பும் உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற இடத்திலிருந்து தீர்ப்பாளர்கள் தொடங்குகிறார்கள். பொருளின் மீதி ஆயுளுக்கு மட்டும்தான் பணம் என்பதும் அங்கே பழகிய கணக்கு. நம் ஊருக்கும் அது அப்படியே பொருந்தும்.

பெயின்ட்டை எடுத்துக்கொள்வோம். ஹாலுக்கு மட்டும் அடிக்க 8,000 ரூபாய் ஆகிறது, ஆயுள் ஐந்து வருடம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று வருடத்தில் குழந்தை சுவர் முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துவிட்டது. மீதி ஆயுள் இரண்டு வருடம். 8,000-ல் ஐந்தில் இரண்டு பங்கு, 3,200. முழு வீட்டுக்கும் இல்லை, ஹாலுக்கு மட்டும். அதே குடும்பம் ஐந்து வருடம் இருந்திருந்தால் பூஜ்யம். எப்படியும் அடிக்க வேண்டிய பெயின்ட்தானே.

சரி, அந்தக் கதவுக்கு வருவோம். அந்தக் கட்டடத்துக்கு அப்போது எட்டு வயது, கதவுக்கும் அதே வயது. பாத்ரூம் பிளைவுட் கதவுக்குப் பத்து வருட ஆயுள் என்று தாராளமாகவே வைத்தாலும், மீதி இரண்டு வருடம். 7,000-ல் பத்தில் இரண்டு பங்கு 1,400. சேதம் முழுக்க அவர்களாலேயே வந்தது என்று வைத்துக்கொண்டாலும் அதற்குமேல் பிடித்திருக்கக் கூடாது. நாங்கள் பிடித்தது 3,500. அக்கா சொன்னதில் பாதி உண்மை என்றால் இன்னும் குறைவு. பாதிப் பாதி என்பது நியாயம் மாதிரி தெரியும். கணக்கு இல்லாதபோது எடுக்கும் குறுக்கு வழி அது.

இப்படி அதிகமாகப் பிடிப்பதற்கு அட்வான்ஸ் பெரிதாக இருப்பதும் ஒரு காரணம். மூன்று மாத வாடகைதான் அளவு என்று சட்டம் சொன்னாலும், ஆறு மாதம், பத்து மாதம் என்று வாங்கும் வீடுகள் இன்னும் உண்டு. கையில் ஒன்றரை லட்சம் இருக்கும்போது ஏழாயிரம் பிடிப்பது மிகச் சுலபமாகத் தோன்றும்.

நடுவில் போய்ப் பார்ப்பது

வருடத்துக்கு ஒரு முறை போனால் போதும். ஒழுகும் குழாய், ஓதம் போன்றவை 3-லிருந்து 2 ஆகும்போதே பிடித்தால் செலவு குறைவு; அதற்குத்தான் இந்தப் பார்வை. திடீரென்று போய்க் கதவைத் தட்டக் கூடாது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது சட்டம். வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டு, அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டுப் போவேன்.

அங்கே பார்க்க வேண்டியது வீட்டை, வாழ்க்கையை இல்லை. பூஜை அலமாரிக்கு மேலே விளக்குப் புகை படிந்திருக்கும், கட்டில்மேல் துணி மலையாகக் கிடக்கும். துணி உங்கள் தாளில் எந்த வரியிலும் வராது. புகைக்கறை வரும்: ‘சுத்தம் – துடைக்க வேண்டும்’, அவ்வளவுதான். அப்புறம் ஆணி. ஆணிக்குப் போடும் சண்டையில் பாதி, முதல் நாளில் எண்ணாததால் வருவது. ஹாலில் ஏழு, படுக்கையறையில் நான்கு என்று எழுதிவிடுங்கள், முடிந்தது. குடியிருப்பவர்கள் வீட்டில் இருக்கும்போது ஆட்களின் முகம் தெரியாமல் படம் எடுப்பதும், எடுப்பதற்கு முன் கேட்பதும் மரியாதை.

கையெழுத்து

தாளில் கடைசியாக ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று ஒரு பத்தி விடுங்கள். நான் சுவருக்கு 4 போட்டிருக்கிறேன், குடிவருகிறவர் 3 என்கிறார். வாதாட வேண்டாம். அவர் எண்ணையும் காரணத்தையும் அந்தப் பத்தியில் எழுதச் சொல்லி, படத்தைச் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இரண்டு எண் இருப்பது குழப்பமில்லை. மூன்று வருடம் கழித்துப் படிக்கிறவருக்கு, இந்த இடத்தில் அன்றைக்கே கேள்வி இருந்தது என்று தெரியும். பிரதி இரண்டு பேரிடமும் அன்று மாலைக்குள் இருக்க வேண்டும். ‘நாளைக்கு அனுப்புகிறேன்’ என்ற பிரதி எனக்குத் தெரிந்து வந்ததே இல்லை.

உரிமையாளர் பக்கம் இப்படி எந்தத் தாளும் இல்லையா? குடிவருகிறவரே செய்துகொள்ளலாம். சாமான் இறக்குவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், ஒரு மணி நேரம். நான்கு எண், இரண்டு படம், ஒரு சாவிக்கொத்து. முடித்துவிட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சார், இன்னிக்கு வீடு இப்படி இருக்கு, பாத்துக்கோங்க” என்று ஒரு வரி போடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் அனுப்பிய தேதி அதில் இருக்கும்.